சிமெண்ட் பால் பூசிய கம்பிகள்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. கத்தரிக்காய், கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

காசிம் வந்தான். என்னிடம் புவியியல் படித்தவன். துபாய் வேலையை விட்டாயிற்று. சேமிப்பு முழுவதையும் போட்டு, கான்கிரீட் தளம் போடும்போது அடியில் தாங்குகிற சென்ட்ரிங் தகடு வாங்கி, வீடு கட்டுகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறானாம்.

"டீச்சர், இன்னும் ரெண்டு வருசத்துக்கு இங்கன கட்டட வேல இருக்குமா? நீங்க சொன்னா வெள்ளிக்கிழம முன்பணம் குடுத்துருவேன்."

கூட வந்த அவன் மனைவி ஆயிஷா: "வகுப்புல ஒங்க பேச்சக் கேக்காத ஆளு, இப்பக் கேக்குறாக!"

அவர்களுக்கு ரம்ஜான் நோன்பு, அதனால் காபி கொடுக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வருகிறார்கள். ஆண்டவருக்கு நன்றி.

மார்ச் 11, புதன்

மாலை நடை. தங்கச்சிமடத்தில் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு மாடி எடுக்க விட்டுவைத்தது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். சீக்கிரம் கட்டப் போகிறவர்கள் துரு ஏறாமல் இருக்க மேலே சிமெண்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமெண்ட், பூசி வைப்பார்கள். பூச்சைப் பார்த்தே மாடி வரும் என்று சொல்லிவிடலாம், மேகத்தைப் பார்த்து மழை சொல்வது போலத்தான்.

மாதா கோயில் தெருவில் வரிசையாகப் புதுப் பூச்சு! என் வீட்டுக் கம்பிதான் செம்மண் நிறம். மகன் கனடாவில். கேட்டால், "அப்புறம் பாக்கலாம்மா."

காசிமுக்குப் போன். "வேலை நிறைய இருக்கும்பா." அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்.

மார்ச் 12, வியாழன்

புழுக்கம். அதே தெரு. விசைப்படகுக்காரர் மனைவி பிலோமினா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், எங்க கம்பிய எண்ணிக்கிட்டு நிக்கிறீக? பழைய இரும்புக்கு எடுக்கவா?"

"மாடி எடுக்கப் போறீங்களா?"

"மாடியா! கோயில் சுவரு வேலையில மிஞ்சுன சிமெண்ட் மூட்டை, ஈரம் பட்டு இறுகப் பாத்துச்சு. பங்குச் சாமியாரு தெருவுக்கே குடுத்துட்டாரு. சும்மா கெடச்சா விடுவமா?"

அங்கேயே நின்று காசிமுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. ஆயிஷா எடுத்தாள். "தொழுகைக்குப் போயிருக்காக டீச்சர்."

"நாளைக்குத் தகடுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்மா. நான் சொன்னது தப்பு."

மார்ச் 13, வெள்ளி

காசிம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "நல்லவேள, இன்னைக்கே குடுத்திருப்பேன் டீச்சர்." ஒரு வீட்டுக்கு ஆகிற தகடு மட்டும் வாங்குகிறானாம். மீதி வங்கியிலேயே. தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி. என்ன மனசு இந்தப் பிள்ளைகளுக்கு.

மார்ச் 17, செவ்வாய்

லேசான தூறல். துணி நனைந்துவிட்டது.

பிலோமினா வந்தாள். "நீங்க மாடின்னு கேட்டாலும் கேட்டீக, வீட்டுக்காரரு அதே நெனப்பா இருக்காரு. தடைக்காலத்துல கடலுக்குப் போக முடியாது, ஆளு சும்மாதான கெடக்கும், ஒரு ரூமு போட்டுருவோங்கிறாரு. அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு போன் பண்ணுனீகளே, அந்தத் தகடுக்காரரு நம்பரக் குடுங்க."

கொடுத்தேன்.

ஒரு வீடு. தெரு முழுக்க என்று இனி வாய் விடமாட்டேன்.

இறுகாத சிமெண்ட் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். என் கம்பிக்கும் பூசச் சொன்னேன்.