மூணாம் மோட்டார்

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு ட்ரோனை இடித்துவிட்டேன்.

பண்பொழியில் மகாதேவன் அண்ணாச்சி வயலில் மருந்தடித்து முடித்து இறக்கும் நேரம். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஆறு கைகளில் மூணாவது கை வரப்பில் போய்க் குத்தி, மோட்டாரோடு சேற்றில் புதைந்துவிட்டது. இறக்கை உடையவில்லை, அதுவே பெரிய விஷயம். கூட வருகிற ஜாஹிராக்கா அந்த நேரம் பம்ப்செட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. முந்தானையால் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இடித்து இறங்கினால் அன்றைக்கு மறுபடி பறக்கவிடக் கூடாது, மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்க்கணும், மேலே, ட்ரோன் கொடுத்த ஆபீசுக்கு, தகவல் சொல்லணும். நான் என்ன செய்தேன்? எங்கள் மகளிர் குழு நோட்டில் ‘இறங்கிய விதம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘நன்று’ என்று எழுதினேன்.

சித்திரையில் தென்னை ஓலையில் முட்டினதும் நான்தான். அன்றைக்கே குழுத் தலைவி வடிவம்மாள் மதினி சொல்லிவிட்டாள். “இன்னொரு தடவை எங்கயாவது முட்டிச்சு, ட்ரோன ராயகிரி குழுவுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. மேல சொல்லிட்டாங்க.”

பன்னிரண்டு வருஷம் ஜாக்கெட் தைத்தேன், ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது தெருவில் ‘ட்ரோன் அக்கா’ என்கிறார்கள். அதை விட மனசில்லை.

ஜூன் 25, புதன்

காலையில் முதல் ஆளாகப் போய்க் குழு அறையைத் திறந்தேன். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் மூணாம் மோட்டாரில் ஒட்டின சேற்றைச் சுரண்டி, சைக்கிள் பம்பால் ஊதினேன். மணல் மணலாக வந்தது. ஒவ்வொரு மோட்டாராகக் கையால் சுற்றினேன். அஞ்சும் வழுவழுவென்று சுற்றுகிறது. மூணாவது ஓர் இடத்தில் பிடித்துப் பிடித்து விடுகிறது.

தையல் மெஷின் இப்படி இழுத்தால் என்ன செய்வேன்? ஓட்டை கண்ட இடமெல்லாம் எண்ணெய் விட்டு, நாலு மிதி மிதித்து, வழிகிறதைத் துடைப்பேன். அதையேதான் செய்தேன். ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, குப்பியைக் கவிழ்த்தே விட்டேன். அப்புறம் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்பாடா என்றிருந்தது.

ஜூன் 28, சனி

அப்பாடா எல்லாம் மூன்று நாள்தான்.

இன்று பறக்கவிட்டு இறக்கியதும் மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தேன். அஞ்சும் இளஞ்சூடு. மூணாவதில் விரல் வைக்க முடியவில்லை. எண்ணெயில் புழுதி அப்பிக் கறுப்பாக ஒரு விழுது. அதோடு ஒரு வாசனை – அடுப்பில் தாளிக்கிற வாசனை! மோட்டாரில் எப்படித் தாளிப்பு வரும்? பயத்தில் மூக்கும் கெட்டுப்போச்சு போல.

ஜூன் 30, திங்கள்

சாரல். விடியற்காலையில் குளிர் நடுக்குகிறது. மூணாம் மோட்டார் அசையவே மாட்டேன் என்கிறது. மதியம் வெயில் எட்டிப் பார்த்ததும் தானாகவே இளகிவிட்டது. இது என்ன மோட்டாரா, மாமியாரா?

சிரிக்கத்தான் பார்க்கிறேன். வரவில்லை. தொட்டி நிரம்பினால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே போய் ஒரு மோட்டார் நின்றால் கவிழ்ந்து விழும். கீழே நிற்கிறது யார்? ஜாஹிராக்கா.

ஜூலை 2, புதன்

ஜாஹிராக்காவை இன்றைக்கு ஓட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கண் கூசுதாம். ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்றுதான் ஏற்பாடு. ஒரு மாசத்துக்கு மேல் இதே சாக்கு.

உண்மையை இங்கேயாவது எழுதணும். விழுந்தால் அது என் கையில் இருந்து விழ வேண்டாம் என்றுதான் அவளை ஓட்டச் சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஜூலை 4, வெள்ளி

களை பறிக்கிற பெண்கள் ட்ரோனைக் கண்டால் போதும், போனைத் தூக்கிக்கொண்டு அடியிலேயே வந்து நிற்பார்கள். ஜாஹிராக்கா கம்பை வைத்துக்கொண்டு விரட்டுகிறாள். “தள்ளிப் போங்கம்மா! தலையில விழுந்தா யாரு பதில் சொல்ல?” பெரிய போலீஸ். கடைசியில் அடியில் மிஞ்சி நிற்கிறது அவள் ஒருத்திதான். என் கண்ணிலிருந்து மறைகிற மூலைக்கு அவள்தான் கண். கை காட்ட அங்கே ஒருத்தர் இருந்தே ஆகணும்.

“நீயும் வரப்புக்கு அந்தப் பக்கம் போக்கா” என்றேன்.

“நான் பாத்துக்கிடுதேன். நீ ஓட்டுட்டி.”

அடுத்த மாதம் அவள் மகள் ஹஃப்சாவுக்கு நிக்காஹ். என் கையில்தான் அந்தப் பிள்ளையின் உடுப்புத் துணி இருக்கிறது. இன்னும் கத்தரி வைக்கவில்லை. கத்தரியை எடுத்தாலே அந்த மோட்டார் சத்தம் காதில் கேட்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று வடிவம்மாள் மதினி வீடு வரைக்கும் போனேன். காபி குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வந்தால் வரட்டும்.

மகாதேவன் அண்ணாச்சி வயலில் இலைச்சுருட்டுப் புழு. “இன்னைக்கே அடிச்சாவணும்மா” என்று நேற்றே நாலு தடவை போன் செய்துவிட்டார். ஏழு மணிக்குப் போனோம். குளிர். மூணாம் மோட்டார் கல்லு மாதிரி. கையால் சுற்றிச் சுற்றி இளக்கினேன். ஜாஹிராக்கா பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தொட்டி நிறைய மருந்து. இரண்டாவது சால் திரும்பும்போது சத்தம் மாறியது. ங்ங்ங் என்று ஓடியது கிர்க், கிர்க் என்று… மூணாம் கை தாழ்ந்தது. நேர் கீழே அவள். அவளுக்குப் பின்னால், போனும் கையுமாக ஏழெட்டுப் பெண்கள். “ஓடு, ஓடுக்கா!” – கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை. அவள் ஓடல. ரெண்டு கையையும் விரிச்சு அந்தப் பொம்பளைகளைப் பின்னால தள்ளுதா, முதுகை ட்ரோனுக்குக் காட்டி நிக்குதா. நான் என்ன செய்தேன், ரிமோட்டுல எந்தக் குச்சியைத் தள்ளினேன், ஒண்ணும் ஞாபகமில்ல. பக்கத்துத் தரிசில் போய்ப் பொத்தென்று விழுந்தது. அவளுக்கும் அதற்கும் பத்தடி இருக்கும்.

அழுதுகொண்டே ஓடினேன். “அக்கா, அன்னைக்கே நான் இடிச்சுட்டேன். அந்த மோட்டார்தான். நோட்டுல பொய் எழுதிட்டேன்க்கா. மிஷின் எண்ணெய விட்டு மூடி வச்சிட்டேன்…”

அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீ மட்டுமாட்டி? மே மாசம் நானும் அதே கையத்தான் கல்லுல இடிச்சேன். உனக்குக் காய்ச்சல்னு நான் தனியாப் போனேன்லா, அன்னைக்கு. வீட்டுல வேற எண்ணெ இல்ல. தேங்காண்ணெய விட்டேன். நானும் நன்றுன்னுதான் எழுதினேன்.”

தாளிப்பு வாசனை! காலைக் குளிரில் உறைகிறது, வெயிலில் உருகுகிறது. என் மூக்கு கெட்டுப்போகவில்லை. அவள் கண்ணும் கூசவில்லை, பயந்துதான் ரிமோட்டைத் தொடவில்லை.

“அப்ப எல்லாம் தெரிஞ்சேவா கீழ நின்ன?”

“பின்ன? வேற யாரக் கொண்டு நிறுத்த?”

ஒரு மாசமாக, ட்ரோன் விழும் என்று தெரிந்தே இவள் கீழே நிற்கிறாள். நானோ விழும் என்று தெரிந்து மேலே ஓட்டுகிறேன். இதில் நான் அவளைப் போலீஸ் என்று கேலி வேறு செய்தேன்.

ஜூலை 9, புதன்

இருவரும் சேர்ந்தே போனோம். வடிவம்மாள் மதினி முழுசாகக் கேட்டாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றோம். அவள் திட்டவில்லை, உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். “ட்ரோன் போனாப் போகுது. அங்கன நின்ன பொம்பளைகள்ல என் தங்கச்சியும் ஒருத்தி, தெரியுமா?”

திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 12, சனி

தென்காசியிலிருந்து மெக்கானிக் இசக்கிமணித் தம்பி வந்தான். மூணாம் மோட்டாரைக் கழற்றி முகர்ந்து பார்த்தவன் கேட்டான், “இதுல யாருக்கா பலகாரம் சுட்டது?” இருவரும் சுவரைப் பார்த்தோம்.

உள்ளே தேங்காய் எண்ணெயும் மெஷின் எண்ணெயும் மணலும் சேர்ந்து கறுப்பு அல்வா. கிரீஸ் மொத்தமும் கரைந்து போய்விட்டதாம், பேரிங் தேய்ந்து ஆடுகிறதாம். அதன் தண்டு வளைந்திருப்பதையும் காட்டினான். “இடிச்ச மோட்டாருக்கு எண்ணெ வைத்தியம் கிடையாதுக்கா. கழுவணும், தண்டு நேரா இருக்கான்னு பாக்கணும், பேரிங் கெட்டுருந்தா மாத்தணும். எண்ணெ விடச் சொல்லிருக்கிற மோட்டாருன்னாலும், அதுக்குன்னு உள்ளதுல ஊசி முனையில ஒரு சொட்டு. அம்புட்டுதான்.” புது மோட்டார் வரப் பத்து நாளாகும்.

மேலே எழுதிக் கொடுத்துவிட்டோம். ராயகிரிக்குப் போகுமா போகாதா, தெரியாது. போனில் சொல்வார்களாம். ஆனாலும் இன்று ஹஃப்சாவின் துணியில் கத்தரி வைத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

மேலேயிருந்து போன் வந்தது. ஒரு சோதனைப் பறப்பு, அதையும் நோட்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவாம்.

ஜூலை 26, சனி

இசக்கிமணி புது மோட்டாரை மாட்டிக் கொடுத்தான். தொட்டியில் வெறும் தண்ணீர். வயலைச் சுற்றிக் கயிறு கட்டி, கொடியோடு கை காட்ட நாலு மூலைக்கும் வெளியே இடம் குறித்தோம். இதை முதலிலேயே செய்ய எங்களுக்கு என்ன கேடு?

இன்றைக்கு ரிமோட்டை ஜாஹிராக்காதான் எடுத்தாள். நான் கயிற்றுக்கு வெளியே கொடியோடு. “இன்னும் தள்ளிப் போட்டி!” என்று மூன்று தடவை கத்தினாள். மூன்று தடவையும் போனேன். சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ங்ங்ங். ஒரே சீர். ஆனாலும் அது தரையைத் தொடுகிற வரைக்கும் நான் கொடியை இறக்கவில்லை.

இறங்கும்போது காற்றில் கொஞ்சமாக வலது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வடிவம்மாள் மதினி கவனிக்கவில்லை. நானும் ஜாஹிராக்காவும்தான் பார்த்தோம்.

ஜாஹிராக்கா நோட்டை மடியில் விரித்து ‘இறங்கிய விதம்’ கட்டத்தில் எழுதினாள்: ‘வலது பக்கம் சாய்ந்தது. மோட்டார் ஆறையும் சுற்றிப் பார்க்கணும்.’ எழுதிவிட்டுப் பின்னால் புரட்டி, மே மாதப் பக்கத்தில் ஒரு ‘நன்று’வை அடித்தாள். அதற்கு மேல் பொடிப் பொடியாக என்னவோ எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் ஜூன் 24-க்குப் புரட்டினேன்.