அம்மா படத்தின் கண்கள்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மணலூர்பேட்டை பஸ் லேட். நனைந்த ரிப்பனோடு வகுப்பு. ஓவிய டீச்சர் கொடுத்த வேலை: வீட்டிலுள்ள ஒரு படத்தில் என்ன உணர்ச்சி, எது எதற்கு அடையாளம், ஒரு பக்கம். மற்றவர்கள் சாமி படம், காலண்டர். நான் அம்மா படம். அம்மா இறந்தபோது நான் கைக்குழந்தை, முகம் நினைவில்லை. கல்யாண ஆல்பத்தை நான் பிறக்கும் முன்பே கரையான் தின்றுவிட்டது. கூடத்தில் மாட்டிய இந்தப் பெயின்டிங்தான் எனக்கு அம்மா.

ஜூலை 9, புதன்
புழுக்கம். பேனா மை தீர்ந்தது. குறிப்புகள்:
பச்சைப் புடவை: செழிப்பு.
நாற்காலிக் கையோடு ஒட்டிய விரல்கள்: உறுதி.
சாய்ந்த தலை: யாரோ பேசுவதைக் கேட்கிறாள்.
கண்கள்: அன்பு. எங்கே நின்றாலும் என்னையே பார்ப்பவை. தினமும் "அம்மா, போய்ட்டு வரேன்" என்று சொல்வது இவற்றிடம்தான்.

சித்தி இந்தப் படத்தைத் தொடுவதில்லை. அம்மாவின் தங்கை, அம்மா போன பிறகு அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பதுகூட அப்பாதான். பொறாமையோ?

ஜூலை 10, வியாழன்
ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணாடியைத் துடைத்தேன். இடது கண் வெள்ளையில் கசகசா அளவு பழுப்புப் புள்ளி. அது எனக்குத் தெரிந்த புள்ளி. சோறு போடும்போது தினமும் பார்ப்பது. சித்தியின் கண்.

கரும்புக் கொல்லையிலிருந்து அப்பா வந்ததும் கேட்டேன்.

"இன்னாத்துக்குமா இப்ப அது?" கால் கழுவினார். பிறகு, "உசுரு போனப்பறம், தூக்கறதுக்கு முன்னாடி சேர்ல குந்த வெச்சி எடுத்த போட்டோ ஒண்ணுதாம்மா இருந்துச்சி. தல நிக்கல. கைய நூலால கட்டியிருந்தோம். கண்ணு மூடிக்கினு இருந்துச்சி. வரையறவரு வூட்டுக்கே வந்து, கூடப் பொறந்தவங்கள உக்கார வைங்க, அதப் பாத்து கண்ணத் தொறந்து உட்றேன்னாரு."

குறிப்பில் 'உறுதி', 'கேட்கிறாள்' இரண்டையும் அடித்தேன். 'அன்பு' மட்டும் அப்படியே.

ஜூலை 11, வெள்ளி
மேகமூட்டம். காலையில் படத்திடம் சொல்லிக்கொள்ளாமல் பள்ளிக்கு. சாயந்திரம் சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டேவிட்டேன்.

"அக்காவ நெனச்சிக்கினு பாருன்னாரு வரையறவரு. நான் எங்க நெனச்சேன்? மாமாவுக்குத்தான் உன்னக் கட்டப் போறோம்னு அன்னிக்கி காலைலதான் சொன்னாங்க. நீ உள்ள கத்திக்கினு இருந்த. உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அன்பாவா சித்தி?"

"பயந்துக்கினுடி."

அடுத்த கொத்தை எடுத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், "நீ அதுகிட்ட அம்மான்னு கூப்புடறப்பல்லாம், அடுப்பாண்ட நான் இன்னான்னு கேக்க வாயத் தொறந்துடறேன். கைய வெச்சி மூடிக்குவேன்."

ஜூலை 12, சனி
லீவு. கட்டுரை எழுதவில்லை. ஸ்டூலில் ஏறி, படத்தின் கண்களை உள்ளங்கையால் மறைத்தேன். கண்ணாடி சில்லென்று. மிச்ச முகம் தூங்குகிறது. அம்மாவை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். பின்னால் கொலுசுச் சத்தம் நின்றது. கண்ணாடியில், என் கைக்கு மேலே சித்தியின் முகம். கண்களை மூடிக்கொண்டாள்.