வாசலுக்கு வெளியே ஒரு சோடிச் சப்பாத்து

நவம்பர் 24, 2009, செவ்வாய்

டயரியே, இந்த நேரத்தில் உன்னைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பதற்கு மன்னித்துக்கொள். லக்‌ஷிகா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிற வயது, ஒரு சத்தம் ஆகாது. என் கணவன் பவித்திரனுக்குப் பேக்கரியில் நைட் ஷிப்ட். அவனுடைய அம்மா, மாமி, பக்கத்து அறையில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறா.

கில்பேர்னில் ஒரு சின்ன உடுப்புக் கடை. 1940களில் பெண்கள் போட்ட மாதிரியான கவுன் சட்டைகளைப் புதிதாகத் தைத்து விற்கிறார்கள். முதலாளி ஜூடித், கிறிஸ்மஸ் வரை வாரத்தில் இரண்டு நாள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தருவதா என்று சொல்லுவாளாம். எனக்குத் தந்த வேலை இதுதான்: கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகள் போட்டு நிற்கும் குளிர்காலச் சட்டைகளுக்குக் காலில் என்ன போடுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும். "சட்டையைக் கெடுப்பது எப்போதும் கால்தான்" என்றாள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் இதற்கா என்று ஒரு மனம் கேட்கிறது. மூன்று வருடமாக வீட்டுக்குள் இருந்த மற்ற மனம் பேசாமல் இரு என்கிறது.

அந்த இரண்டு நாளும் பிள்ளையைப் பார்க்க மாமி ஒத்துக்கொண்டா. "நத்தார் வரைக்கும்தான்" என்றா, கிறிஸ்மஸோடு சரி. அதற்குப் பிறகு? கேட்கப் பயமாக இருக்கிறது. மாமி மாட்டேன் என்றால் வேலை கிடைத்தும் இல்லை.

நவம்பர் 27, வெள்ளி

இன்று முழுக்கக் கால்களையே பார்த்தேன். சேலை எடுக்கும்போது கரையைப் பார்ப்போம், முந்தானையைப் பார்ப்போம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கரும்பச்சைக் கம்பளிச் சட்டை முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. நீளமான பூட்ஸ் போட்டால் ஓரம் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மெல்லிய தட்டைச் சப்பாத்து போட்டால் பொம்மைக்கே குளிருகிற மாதிரி இருக்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும், கட்டைக் குதியும் உருண்டை முன்பக்கமும் உள்ள கயிறு கட்டும் மண்ணிறச் சப்பாத்து, அதே நிறத்தில் தடித்த காலுறை — அப்போதுதான் அந்தப் பொம்மை பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணாக மாறினாள். ஜூடித் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, "ஓம், இவள் எங்கேயோ போகிறாள்" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

அந்த மண்ணிறச் சோடி உண்மையிலேயே பழையது. உள்ளே செம்மறி மயிர். ஹரோவில் ஒரு கிழவி இறந்த பிறகு அவளுடைய வீட்டிலிருந்து வந்ததாம். "விற்பதற்கில்லை. ஆனால் நீ போட்டு நடந்து பார். எங்கே கடிக்கிறது என்று தெரியாமல் யாருக்கும் சொல்ல முடியாது. அடுத்த கிழமை கொண்டு வா" என்று என்னிடம் தந்தாள்.

நம்பித் தந்தாள். அதுதான் பெரிது.

நவம்பர் 28, சனி

மாமி கண்டுவிட்டா.

"என்ன பிள்ளை இது, ஆரின்ரை சப்பாத்து?"

"கடையின்ரை, மாமி. போட்டுப் பாக்கத் தந்தவை."

"புதுசோ?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வாய் வராது. பழசு, ஒரு வயதுபோன மனிசியின்ரை என்றேன்.

"மனிசி உயிரோடை இருக்கிறாவோ?"

நான் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மாமிக்கு விளங்கிவிட்டது.

"மற்றவையின்ரை செருப்பிலை காலை வைச்சாலே அவையின்ரை சனி ஏறும். நீ செத்தவளின்ரை சப்பாத்தைக் கொண்டுவந்து குழந்தை தவழுற வீட்டிலை வைச்சிருக்கிறாய். படிச்ச பிள்ளை."

பவித்திரன் சிரித்தான். "அம்மா, வெள்ளைக்காரச் சனிக்குத் தமிழாக்களைத் தெரியாது."

"நீ வாயைப் பொத்து. இந்த வருசம் செத்தவையின்ரை பேரைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன். என்ரை தம்பி குடும்பம் இன்னும் முகாமிலை. இனியும் ஒண்டு வேண்டாம் எனக்கு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மே மாதம் சண்டை முடிந்ததிலிருந்து மாமி தொலைபேசி அடித்தாலே எழுந்து நிற்கிறா.

நவம்பர் 30, திங்கள்

லக்‌ஷிகாவுக்குக் காய்ச்சல். நல்ல கொதி. பால் குடிக்கிறாள் இல்லை. டொக்டர் தொண்டை என்றார், குளிர்காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானாம்.

மாமி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 1, செவ்வாய்

இன்னும் விடவில்லை. சப்பாத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். ஏன் வைத்தேன்? நான் நம்புகிறேனா? இல்லை. நம்பவில்லை. ஆனால் வைத்தேன்.

டிசம்பர் 5, சனி

பிள்ளைக்குக் காய்ச்சல் வியாழக்கிழமையே விட்டுவிட்டது. கடைக்கு இந்தக் கிழமை போகவில்லை, திங்கள் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இன்று சப்பாத்தைத் துடைத்து வைப்போம் என்று கதவைத் திறந்தால் — இல்லை.

மாமி குசினி அடுப்படியில் நின்றபடி, "தேடாதை. நான் காலமை கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வந்திட்டன்" என்றா.

"எங்கை விட்டனீங்கள்?"

"வாசல்லை சப்பாத்து வைக்கிற தட்டிலைதான். சனிக்கிழமையிலை அங்கை விட்டால் சனி அதோடை போயிடும். பார், பிள்ளை நல்லாச் சிரிக்குது."

அது என்ரை இல்லை மாமி, அது என்ரை வேலை மாமி — கத்தினேனா, மனதுக்குள் சொன்னேனா தெரியவில்லை. பிள்ளை அழத் தொடங்கியதால் கத்தியிருக்க வேண்டும்.

வெம்பிளிக் கோயிலுக்கு ஓடினேன். தட்டு முழுக்கச் சப்பாத்து. கறுப்பு, வெள்ளை, குழந்தைகளின் மின்னுகிற சப்பாத்து. அந்த மண்ணிறச் சோடியை மட்டும் காணவில்லை. அங்கே தொண்டு செய்கிற கனகலிங்கம் அண்ணையிடம் கேட்டேன்.

"தங்கச்சி, சனிக்கிழமையிலை இஞ்சை விட்டிட்டுப் போறவையும் இருக்கினம், நல்லதாப் பாத்து மாத்திக்கொண்டு போறவையும் இருக்கினம். நீங்கள் எந்தக் கட்சி?"

சிரிக்க ஏலவில்லை. குளிர், மழை. கிங்ஸ்பரியில் எங்கள் வீடு வரை நடந்தே வந்தேன்.

பவித்திரன் சொல்கிறான், "பஸ்ஸிலை விட்டிட்டன் எண்டு சொல்லு, கோசி. பஸ்ஸிலை எல்லாரும் விடுறவை."

டிசம்பர் 7, திங்கள்

பஸ் என்று சொல்லத்தான் போனேன். ஜூடித்தின் முகத்தைப் பார்த்ததும் உண்மையே வந்தது. சனியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கோள் என்றால் பைத்தியம் என்பாள். கெட்ட காலம், அதைச் செருப்போடு விட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம், என் மாமி என் பிள்ளைக்காகச் செய்தா என்றேன்.

ஜூடித் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். பிறகு கேட்டாள்: "உன் மாமி எடுக்கும்போது அவை எங்கே இருந்தன?"

"வாசலுக்கு வெளியே."

"யார் வெளியே வைத்தது?"

"நான்."

அவள் தலையாட்டினாள். கோபமா, விளங்கிக்கொண்டாளா, பிடிபடவில்லை. "கிறிஸ்மஸ் வரை வேண்டாம், வெள்ளிக்கிழமையே என் முடிவைச் சொல்கிறேன். அதுவரை கண்ணாடிக்குள் நிற்பவள் வெறுங்காலோடு நிற்க முடியாது" என்றாள்.

புதிதாகச் செய்யப்பட்ட ஒரு சோடியை எடுத்தேன். கறுப்பு, அதே கட்டைக் குதி, கயிறு. காலுறையையும் கறுப்பாக்கினேன். சட்டைப் பச்சை இன்னும் ஆழமாகத் தெரிந்தது. கயிற்றை இரண்டு தரம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

டிசம்பர் 9, புதன்

மாமியும் நானும் பேசிக்கொள்வதில்லை. "பிள்ளைக்குச் சோறு குழைச்சாச்சு" என்று சுவருக்குச் சொல்லுகிறா.

டிசம்பர் 11, வெள்ளி

வேலை எனக்குத்தான். ஜனவரியிலிருந்து, வியாழன், வெள்ளி, சனி. அந்தப் பச்சைச் சட்டையைக் கேட்டு வந்த மூன்று பேரும் சப்பாத்தையும் சேர்த்துக் கேட்டார்களாம். பழைய சோடியைப் பற்றி, "முடிந்தால் தேடு" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை நான் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும்.

பவித்திரன் சாப்பிடும்போது கேட்டான். "அம்மா, ஜனவரியிலை இருந்து பிள்ளையைப் பாப்பீங்களோ?" மாமி சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனா. அதுதான் பதிலா?

டிசம்பர் 12, சனி

மாமி பிள்ளைக்குச் சோறு குழைத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தா. திங்களுக்கு இன்னும் இரண்டு நாள்.

டிசம்பர் 13, ஞாயிறு

பின்னேரம் மாமி வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தா.

"பிள்ளை, எனக்கு நித்திரை இல்லை. அந்தச் சப்பாத்தை ஆரோ எடுத்துப் போட்டுக்கொண்டு திரியிறா. அவவுக்கும் வீட்டிலை குழந்தை குட்டி இருக்கோ தெரியாது."

"நீங்கள்தானே விட்டனீங்கள்."

"விட்டனான். ஆரும் போடுவினம் எண்டு நினைச்சோ விட்டனான்? அவவுக்கு ஏதும் நடந்தால் அந்தப் பாவம் எனக்கு. ஒரு பேப்பரை எடு. கோயிலிலை ஒட்டுவம். என்ரை நம்பரைப் போடு."

ஏன் உங்களுடைய நம்பர் என்று கேட்க வாய் எடுத்து, விட்டுவிட்டேன். மாமி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை:

"டிசம்பர் ஐந்தாம் திகதி சனிக்கிழமை சப்பாத்துத் தட்டிலிருந்து மண்ணிறப் பெண்கள் சப்பாத்து ஒரு சோடியை எடுத்துச் சென்ற பிள்ளைக்கு: உங்களில் எங்களுக்குக் கோபம் இல்லை. அது கடைச் சொத்து. இனி அதைப் போட வேண்டாம். போட்டிருந்தால் வருகிற சனிக்கிழமை எள்ளெண்ணெய் விளக்கு எரிக்கவும், செலவு நான் தருவேன். கீழே உள்ள இலக்கத்துக்கு அழைக்கவும். ஜனவரியிலிருந்து வியாழன், வெள்ளி, சனியில் பேத்தியோடு முழுநாளும் வீட்டில்தான் இருப்பேன், அவள் நித்திரையாகும் மத்தியான நேரம் மட்டும் அடிக்க வேண்டாம். தயவுசெய்து கெதியாகப் பதில் சொல்லுங்கள். — அமராவதி, கிங்ஸ்பரி."