ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தாய்வீடு

சேசு மரி சூசை

ஜீவனஹள்ளி, பெங்களூர் தண்டு (கண்டோன்மெண்ட்)
20 ஏப்ரல் 1936

அன்புள்ள சம்பந்தி சலேத்தம்மாள் அவர்களுக்கு பிரிஜெட் எழுதிக்கொண்டது. மாதா தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சவரிக்கொட்டாயிலும் ஆடு மாடு முதற்கொண்டு எல்லாம் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் ஜூடித் முழுகாமல் இருக்கிறாள். இது மூன்றாம் மாதம். என் மகன் தியோடர் ரயில்வே பட்டறையிலிருந்து வரும்போதே பை நிறைய மாங்காய் வாங்கி வருகிறான். அவள் மாங்காயைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டேன் என்கிறாள்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கை வராத சேதி. இங்குள்ள லேடி டாக்டரிடம் அவளைக் காட்டினோம். அந்த அம்மாள் ஓர் இரும்புக் கவையை வைத்து இடுப்பை அளந்தாள். அளந்தவள் மறுபடியும் அளந்தாள். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, “எலும்பு குறுகலா இருக்கு. பிள்ளை தானா இறங்கிட்டா நல்லது. இறங்கலேன்னா வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். எங்கே பெறப்போறான்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க” என்றாள்.

இங்கே இரண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒன்று எங்கள் கோவிலுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துவது. சின்னது, சுத்தமானது. மற்றொன்று பேட்டைப் பக்கம், சர்க்கார் நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி. ஜூன் முதல் வாரத்துக்குள் ஓரிடத்தில் பேர் கொடுக்க வேண்டும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நானாக எதுவும் செய்யாமல் உங்களைக் கேட்கிறேன். சம்மதம் எழுதுங்கள்.

அன்புடன்
பிரிஜெட்


சவரிக்கொட்டாய், கிருஷ்ணகிரி தாலுகா
29 ஏப்ரல் 1936

தண்டு பெங்களூர்ல இருக்கிற சம்பந்தியம்மாவுக்கு சலேத்தம்மா தோத்திரம் சொல்லிக்கிறேன். எழுதறவர் நம்ம கோவில் உபதேசியார் சந்தானம். நான் சொல்றதைச் சொன்னபடியே எழுதணும்னு சொல்லியிருக்கேன். அவருக்குச் சுருக்கற வியாதி உண்டு.

சேதி கேட்டதும் செபஸ்தியார் சுரூபத்துக்கு முன்னாடி ஒரு படி எண்ணெய் ஊத்தினேன். பாதி திரி குடிச்சுது, மீதியை எலி குடிச்சுது. எலியும் நம்ம சந்தோஷத்துல பங்கு எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்.

அப்புறம் அந்த இரும்புக் கவை. ஏங்க, மூணாம் மாசத்துலயே எலும்பை அளக்கிறவ, எட்டாம் மாசத்துல எதை அளப்பா? நம்ம செவலை ஆடு இருக்குதே, ஒட்டடைக்குச்சி மாதிரி இடுப்பு. போன வெயில்ல ரெண்டு குட்டி போட்டுது. அதை யாரு அளந்தாங்க? (ஆட்டையும் மகளையும் ஒண்ணா எழுத வேணாம்னு உபதேசியார் சொல்றார். நான் எழுதச் சொல்லிட்டேன்.)

எங்க நஞ்சம்மா கையில பொறக்காத புள்ளை இந்தக் கொட்டாயில இல்லை. குறுக்கே நின்ன புள்ளையையும் எண்ணெய் தடவித் தடவித் திருப்பிடுவா. என் பெரிய மகளுங்க ரெண்டு பேத்துக்கும் அவதான் பாத்தா. ஜூடித்தையே அவதான் எடுத்தா.

ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லாதீங்க. என் நாத்தனா கிளாராவை அப்படித்தான் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனாங்க. வண்டியில போனா, வண்டியிலயே திரும்பினா. மேலே போத்தியிருந்த சேலை என்னுது. இன்னிக்கும் அந்த நிறத்துல சேலை வாங்கறதில்லை நான்.

தலைச்சன் என் வீட்டுலதான். ஏழாம் மாசம் பூ முடிச்சு அனுப்பி வைங்க. இல்லேன்னா ஊரு என்ன கேக்கும்? பொண்ணுக்கு ஒரு வேளை கஞ்சி ஊத்த வக்கில்லாம சம்பந்தி தலையில கட்டிட்டான்னு கேக்கும். நான் வந்து பக்கத்துல இருக்கவும் முடியாது. பேரப்புள்ளை முகம் பாக்கற வரைக்கும் பொண்ணு கொடுத்த வீட்டுல பெத்தவ கை நனைக்கிறதில்லைன்னு எங்க வழக்கம். உங்களுக்குத் தெரியாததா?

அவளைத் தண்ணி எறைக்க விடாதீங்க.

இப்படிக்கு
சலேத்தம்மா, கைநாட்டு


ஜீவனஹள்ளி
8 மே 1936

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஜூடித் இரண்டு தரம் படித்தாள். எலி இடத்தில் சிரித்தாள், கிளாரா இடத்தில் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தை இந்த வீட்டில் அவள் தொட்டு ஒரு மாதமாகிறது. அதை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

நஞ்சம்மாள் கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை ஐப்பசிக் கடைசியில் என்று கணக்கு. போன ஐப்பசியில் உங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த தியோடர் வெள்ளம் வடியாமல் பெண்ணையாற்றங்கரையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, அக்கரையில் உங்கள் வீட்டுப் புகையை மட்டும் பார்த்துத் திரும்பினானே, மறந்துவிட்டீர்களா? பரிசல்காரன் “சம்பளத்துக்குச் சாக மாட்டேன் சாமி” என்றானாம். வலி கண்ட பெண்ணை வைத்துக்கொண்டு அவனிடம் யார் பேசுவது?

நானும் பயந்துதான் எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்றும் எனக்குத் தெரியவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் போனேன். தலைமைச் சகோதரி ஜூடித்தின் கன்னத்தைத் தடவி, “பயப்படாதே மகளே” என்றார். எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலோ யாருக்கும் முகம் பார்த்துப் பேச நேரமில்லை. வராந்தா நெடுக கூட்டம், மருந்து நெடி, சத்தம். ஜூடித் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “வேணாம் அத்தை, வீட்டுக்குப் போலாம்” என்றாள். என் மனம் சின்ன ஆஸ்பத்திரிப் பக்கம்தான் சாய்கிறது.

அவளைக் கேட்டால், “அம்மா எங்கே இருக்காங்களோ அங்கே” என்கிறாள். வேறு பேச்சில்லை. ஊருக்கு அனுப்பவும் எனக்குத் துணிவில்லை, உங்களை மீறி வைத்துக்கொள்ளவும் மனமில்லை. என் பையன் இரவில் தூங்குவதில்லை. வழக்கத்தைவிட்டு நீங்கள் இங்கே வந்து இருக்கக் கூடாதா?

பிரிஜெட்


சவரிக்கொட்டாய்
25 மே 1936

சம்பந்தியம்மாவுக்கு சலேத்தம்மா எழுதச் சொன்னது.

கோவிச்சுக்காம கேளுங்க. போன வாரம் நான் பெங்களூர் வந்துட்டுப் போனேன்.

உங்க வீட்டுக்கு வரலை. வந்தா நீங்க இலை போடுவீங்க. நான் உக்காரமாட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவோம். வயித்துப்புள்ளைக்காரி நடுவுல நிப்பா. எதுக்கு?

ஓசூர் வழியா மோட்டார் பஸ்ஸு. என் பக்கத்துல ஒருத்தன் சேவலைக் கட்டிக்கிட்டு வந்தான். அந்தச் சேவலுக்கு பஸ்ஸு ஒத்துக்கலை, அது எனக்கும் சேத்து வாந்தி எடுத்துச்சுன்னு வெச்சுக்குங்க. ராத்திரி கோவில் வராந்தாவுல படுத்தேன்.

விடிஞ்சதும் கன்னியாஸ்திரீ ஆஸ்பத்திரி வாசல்ல போய் உக்காந்துக்கிட்டேன். நீங்க எழுதினது நெசம்தான். பூச்செடி, மணி, மெழுகுவத்தி வாசனை. பச்சைப்புள்ளை தூக்கிக்கிட்டு வெளியே வர்றவளுங்க மூஞ்சியெல்லாம் தெளிஞ்சிருந்தது. எனக்கும் புடிச்சுப்போச்சு. எழுந்திரிக்கிறப்போ ஒரு சகோதரி வந்தாங்க. “இடுப்பெலும்பு குறுகலா இருந்தா என்ன பண்ணுவீங்கம்மா?” ன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் மறைக்கலை. “முடிஞ்ச வரைக்கும் பாப்போம். அறுக்கணும்னா வண்டி வெச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்” னாங்க.

வண்டின்னதும் எனக்குக் கிளாரா போன வண்டிதான் கண்ணுல நின்னுது, சம்பந்தியம்மா.

வாசப்படியிலயே உக்காந்து யோசிச்சேன். கிளாரா ஆஸ்பத்திரியில சாகலை. இத்தனை வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கிட்டிருந்தோம். அவ கட்டில்ல படுக்கவே இல்லையே. ஆத்தைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, புளியந்தோப்புக்கிட்ட வர்றப்பவே கை சில்லிட்டுப்போச்சு. வண்டியிலதான் செத்தா.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். கேட்டுல இருந்த அம்மா கன்னடத்துல என்னமோ கேட்டா. நான் தெலுங்குல பதில் சொன்னேன். கடைசியில ரெண்டு பேரும் தமிழ்ல சண்டை போட்டுக்கிட்டோம். அப்பாடா, நீங்க சொன்ன சத்தம்! சந்தை தோத்துடும். மத்தியானம் ஒருத்தி மெதுவா வந்தா, வயித்துல கை வெச்சுக்கிட்டு. நம்ம ஜூடித் அளவுதான் இருப்பா. புருஷன் வெயிலுக்குக் குடை புடிச்சான், மாமியா புள்ளையைத் தூக்கியிருந்தா.

“வயித்தைத் திறந்தாங்களா கண்ணு?” ன்னேன்.

“ஆமாம்மா.”

“வலிச்சுதா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலை. இவருதான் வெளியே மயக்கம் போட்டு விழுந்துட்டாரு” ன்னா. அவன் வெக்கப்பட்டுக் குடையை எம்மேல புடிச்சான்.

அந்தக் குழந்தை கையை நான் தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு.

பெரிய ஆஸ்பத்திரியிலயே பேர் கொடுங்க. மூஞ்சி பாத்துப் பேச வேணாம் அவங்க. அன்பா பேச நாம இருக்கோம்.

ஆனா தலைச்சன் என் வீட்டுலதான். அதுல மாத்தம் இல்லை. அந்தக் கேட்டுக்கு எதிர்ல நாணுன்னு ஒருத்தர் டீக்கடை வெச்சிருக்கார். கடைக்குப் பின்னாடி ஓர் அறை சும்மா கிடக்குது. மூணு மாசத்துக்குப் பேசிட்டு வந்திருக்கேன். வெள்ளாட்டை வித்தாச்சு, செவலையை வெச்சுக்கிட்டேன். சட்டி, அம்மி, மாதா படம், நஞ்சம்மா கொடுக்கிற எண்ணெய், எல்லாம் கொண்டு வருவேன். நான் அடுப்பு மூட்டின இடம் என் வீடு. ஏழாம் மாசம் பூ முடிச்சு அங்கே அனுப்புங்க. வலி வந்தா ரோட்டைத் தாண்டினா கேட்டு. வண்டி வேணாம், பரிசல் வேணாம்.

ஊரு கேட்டா, மக தாய்வீட்டுக்கு வந்துட்டான்னு சொல்லிக்கிறேன். பொய்யா அது?

எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குது. உபதேசியார்கிட்ட சொல்லிக்கலை, எழுதறப்போ அவருக்கே தெரிஞ்சுபோச்சு.

சலேத்தம்மா, கைநாட்டு


ஜீவனஹள்ளி
2 ஜூன் 1936

அன்புள்ள சலேத்தம்மாளுக்கு,

வந்துவிட்டு வாசல் மிதிக்காமல் போனதற்கு உங்களிடம் நேரில் சண்டை போட வேண்டும். அது பாக்கி இருக்கட்டும்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்துவிட்டோம். அங்குள்ள டாக்டரம்மாளிடம், “பிழைச்சுடுவாளா?” என்று கேட்டேன். “சத்தியம் பண்ண மாட்டேன். கை எட்டற தூரத்துல இருப்பேன்” என்றாள். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு போதவில்லை. செபமாலை எடுத்தேன்.

நாணுவின் அறையையும் பார்த்தோம். தியோடர் சுண்ணாம்பு அடித்து, மாதா படத்துக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறான். இந்த முறை ஜூடித் என் முந்தானையைப் பிடிக்கவில்லை. காலி அறை நடுவில் நின்றுகொண்டு, “அத்தை, அம்மா எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாங்க?” என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் என்றேன். மற்றப் பக்கம் தன் பாயை விரித்துப் பார்த்துக்கொண்டாள். அன்று ராத்திரி அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மூன்று கல் வைத்து அடுப்புப் போட்டிருக்கிறேன். விறகும் அடுக்கியாயிற்று. நாணு, “ஒரு தடவை எரிச்சுப் பாக்கலாமே, புகை எப்படிப் போகுதுன்னு” என்றார். வேண்டாம் என்று தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். அது உங்கள் வீடு.

நீங்கள் வந்து மூட்டுங்கள். முதல் பந்தியில் நான் உட்கார்ந்து கை நனைக்கிறேன்.

பிரிஜெட்