இரண்டு அடி உயரத்துக்கு நாலு அடி கயிறு

மார்ச் 4
அமெரிக்காவின் இந்த மெயின் மாநிலத்தில் மார்ச்சும் குளிர்காலம்தான். ஒன்றாம் வகுப்புக்குக் கப்பிப் பாடம் ஆரம்பித்தேன். இரண்டு மேஜைகளுக்கு நடுவே துடைப்பக் கம்பு, அதில் கப்பி, கீழே ஒரு வாளி உருளைக்கிழங்கு. "எங்கப்பா படகுல இதாலதான் லாப்ஸ்டர் கூண்ட இழுப்பாங்க மிஸ்!" என்று ராய்ஸ் குதித்தான். ஓடெட் மட்டும் மேஜைக்கடியில் கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கி வைத்தேன். வாசிப்பில் திணறல், வகுப்பில் வாயே திறப்பதில்லை; அவள் இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கட்டும் என்று படிவத்தில் எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை அவள் அம்மா வருகிறாள்.

மார்ச் 5
"வாளியோட இன்னொரு கப்பி சேர்த்தா எடை பாதியாயிடும்" என்றேன். "இல்ல" என்றாள் ஓடெட். கையைத் தூக்கிவிட்டுப் பேசச் சொன்னேன். அவள் தூக்கியபோது நான் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தேன்.

மார்ச் 6
எல்லோரும் போனபின் பார்த்தேன் - மேஜைக்காலில் இரண்டடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. கயிற்றிலும் சிவப்புக் கோடுகள், நாலடி இடைவெளியில். ஓடெட்டின் கிரேயான். நானே இழுத்துப் பார்த்தேன். வாளி இரண்டடி ஏற, கயிறு நாலடி வருகிறது. கைக்குத்தான் பாரம் பாதி, அதற்கு ஈடாகக் கயிறு இரண்டு பங்கு; வாளியின் எடை அப்படியேதான் இருக்கிறது. பதினொரு வருடமாக இதையா சொல்லிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 7
ஓடெட்டின் அம்மா கோரின், நண்டு உடைக்கும் கொட்டகையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்தாள். "வீட்ல இவ வாய் ஓயாது டீச்சர். இங்க ஏன்டி பேசலைன்னு கேட்டா, 'மிஸ்ஸுக்கு அவசரம்மா'ங்கறா."
படிவத்தை அனுப்பவில்லை. இது நியாயமா, குற்ற உணர்ச்சியா? தெரியலையே.

மார்ச் 10
"நான் சொன்னது தப்பு" என்றேன். "டீச்சரெல்லாம் தப்பு பண்ணலாமா?" என்றான் ராய்ஸ். ஓடெட்டை அழைத்தேன். வந்தாள். கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடிகாரத்தில் நாலு நிமிடம். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம்! பிறகு, கம்பில் கட்டியிருந்த கயிற்று நுனியைத் தொட்டுக் காட்டினாள்: "இதுவும் விறைப்பா இருக்கு. கம்பும் நம்மகூட சேர்ந்து தூக்குது. நாமதான் கயித்த நெறைய இழுக்கணும்."

ஏப்ரல் 2
வாசிப்பில் இன்னும் திணறுகிறாள். தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்காருகிறேன்.

ஜூன் 12
பள்ளி முடிய மூன்று நாள். ஓடெட் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், வாசிப்புக்குத் தனி உதவியோடு. இன்று சாய்வுப் பலகை. செங்குத்தாகத் தூக்குவதைவிடச் சரிவில் தள்ளுவது ஏன் சுலபம் என்று கேட்டேன். "ஓடெட், நீ சொல்லேன்!" என்று ராய்ஸ் அவசரப்படுத்தினான்.
"இருடா, யோசிக்கிறேன்ல."
நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.