சின்னத் தோட்டா

ஏப்ரல் 6

மேய்ச்சல் நிலத்தில் வளைகளை எண்ணப் போனேன். நூற்று நாற்பதோடு நிறுத்திவிட்டேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு தரை அணில் பத்தடி தள்ளி எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கீச்சிட்டது. வீட்டுக்காரி அதுவாம், வாடகைக்கு வந்தவள் நானாம்.

போன அக்டோபரில் ட்வைலாவின் குதிரை இந்த வளை ஒன்றில்தான் கால் விட்டு முறித்துக்கொண்டது. அந்த இடத்திலேயே சுட்டுப்போட வேண்டியதாயிற்று. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. இருபது வருஷமாகப் பக்கத்துப் பண்ணை. எனக்குத் தோழி என்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளிடம் மிச்சம் இருப்பது பிஸ்கட் என்ற பெண் குதிரை. ஜூனில் அது இங்கே மேய வருவதற்குள் அணில்களை ஒழித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

விஷம் வைக்க முடியாது. பருந்தும் சாகும், அவள் நாயும் சாகும். சுடத்தான் வேண்டும். என் பழைய துப்பாக்கிக்குக் குழல் தேய்ந்துவிட்டது, பக்கத்தில் இருப்பதன் மேலேயே படமாட்டேன் என்கிறது. புதிது வாங்கணும். எந்த அளவுத் தோட்டா போடுவதை? .22-ஆ, .204-ஆ, .223-ஆ? சாப்பாட்டு மேசை பூராவும் துப்பாக்கிப் பட்டியல்கள். தட்டு வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9

லூயிஸ்டவுன். தம்பி டாரில் அங்கே துப்பாக்கிக் கடையில் நிற்கிறான். நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"ரோசனையே வேணாம்க்கா. .204 எடுத்துக்கோ. முந்நூறு கஜத்துக்குக் கோடு கிழிச்ச மாதிரி போகும்."

"சத்தம்?"

"துப்பாக்கின்னா சத்தம் வராம பாட்டா வரும்?"

.22 போதாதா என்றேன். உதட்டைப் பிதுக்கினான். "அது மெதுவா போற குண்டு. காஞ்ச தரையில பட்டா, குளத்துல தட்டைக்கல்லு விட்ட மாதிரி எகிறி எகிறிப் போயிட்டே இருக்கும். எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது. .204 மண்ணைத் தொட்டதும் தூளாயிடும். பார்க்கத்தான்க்கா அது பூதம்."

விஷயம் தெரிந்தவன்தான். ஆனால் அந்தக் குரல்! இவனுக்கு நான் மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். இவன் எனக்குக் குண்டு எப்படிப் போகும் என்று பாடம் எடுக்கிறான். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஏப்ரல் 10

.223 என்றால் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒரு கைப்பிடி அணிலுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. இன்னும் முடிவில்லை.

ஏப்ரல் 13

ட்வைலா காப்பி குடிக்க வந்தாள். மேசையைப் பார்த்துச் சிரித்தாள். "புருஷனைத் தேர்ந்தெடுக்கறப்போ இவ்வளவு யோசிச்சிருந்தா நீ இன்னிக்கு ராணிடி." பிறகு சொன்னாள்: "பீரங்கி எதையும் வாங்கித் தொலைக்காதே. பிஸ்கட் இடி இடிச்சாலே வேலியைத் தாண்டற ஜாதி."

சரி, .22. சின்னத் தோட்டா, சின்னச் சத்தம், சின்னப் பாவம். டாரிலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "உன் இஷ்டம்க்கா" என்றான். அவன் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 22

முப்பத்தொன்று. ஒரே மாலையில்! தவறின குண்டு மண்ணில் புதையட்டும் என்று வழக்கம்போல வண்டியை மேற்கே மேட்டைப் பார்த்து நிறுத்தி, முன்பக்கத்தில் மணல் மூட்டை வைத்து, அதில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டேன். சத்தம் பட்டாணி வெடித்த மாதிரிதான். பூதம் வாங்கச் சொன்னானே, வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 27

இருபது. மழையே இல்லை, தரை ஓடு மாதிரி கிடக்கிறது. கடைசி அரை மணி நேரம் வெயில் நேரே கண்ணில் அடித்தது. வண்டியைத் திருப்பிப் போட்டுச் சுட்டேன். ஒரு குண்டு மட்டும் தரையில் பட்டு ஙீஈஈ என்று போயிற்று. அப்படிப் போவது உண்டுதான்.

ஏப்ரல் 28

காலையில் ட்வைலா போன். பிஸ்கட்டின் பின்தொடையில் ஓட்டை, கால் வீங்கியிருக்கிறது. கால்நடை டாக்டர் ஏதோ கம்பியோ ஆணியோ குத்தியிருக்கும் என்றாராம். "எல்லாம் இந்த எமெட்டால. வேலி அடிக்கச் சொன்னா ஆணியை வாரி இறைச்சு வெச்சிருக்காரு" என்று புருஷனைத் திட்டித் தீர்த்தாள். நான் உம் கொட்டினேன்.

அவள் குதிரைக் கொட்டில் என் நிலத்துக்குத் தெற்கே, கால் மைல்.

நேற்று வண்டியை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எழுதவில்லை பார்.

ஏப்ரல் 29

கால் மைலுக்கு எகிறுமா? எகிறினாலும் தோலைத் துளைக்குமா? பட்டியலில் அதெல்லாம் போடவில்லை. டாரிலைக் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பான்.

மே 1

ஆணியாகத்தான் இருக்கும்.

மே 3

பார்க்கப் போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். இப்படி ஒரு காரணத்துக்காக நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. எமெட் வேலி ஓரமாக முழங்கால் போட்டு ஒவ்வொரு ஆணியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். பிஸ்கட் மூன்று காலில் நின்றது. "உள்ள என்னமோ இருக்குதாம். புதன்கிழமை கீறிப் பார்க்கப் போறாங்க. சீழ் எலும்புல இறங்கியிருந்தா இதுவும் போச்சு" என்றாள் ட்வைலா. அழவில்லை. ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை பலகாரத்தில் எனக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தாள். தின்றேன்.

டாக்டர் கையில் எதுவும் அகப்படக் கூடாது என்று திரும்பி வரும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். குதிரை பிழைக்கணும் என்று வேண்டியிருக்க வேண்டியவள் நான். த்தூ!

மே 6

சொல்லிவிட்டேன். நாளைக்குக் கத்தி கண்டுபிடிப்பதற்கு முன்னால் என் வாயால் வரட்டும் என்று.

கொட்டிலில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். "ட்வைலா, அது ஆணி இல்லை. என் குண்டு." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. .22 எகிறும்னு டாரில் சொன்னான், நான் கேட்கலை, தரை காஞ்சு கிடந்தது, சத்தமில்லாததா வாங்குன்னு நீதான் சொன்னே... ஐயோ, அதையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து அதையும் சொன்னேன்.

வைக்கோல் அள்ளும் கவைக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

"தெற்கே."

"எங்க வீட்டைப் பார்த்து."

"வெயில் கண்ணைக் கூசிச்சு, ட்வைலா."

"தொப்பி இல்லையா?"

இருந்தது. தலையிலேயே இருந்தது. விளிம்பை இறக்கிவிட்டிருந்தால் போதும்.

"வீட்டுக்குப் போ, நோரீன்" என்றாள்.

மே 7

எமெட் வந்தார். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பட்டாணி அளவு ஈயம், நசுங்கிப் போயிருக்கிறது. "எலும்பைத் தொடலையாம். பொழைச்சுக்கும்" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே சுடறதுக்கு முன்னாடி போன் பண்ணச் சொன்னா. குதிரையை உள்ள கட்டிடுவோம்."

அவர் போன பிறகு அழுதேன். குதிரைக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

மே 12

.204 வாங்கிவிட்டேன். டாரில் ஏன் என்று கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்கும். ஒரு மாதமாக எந்தத் தோட்டா, எந்தத் தோட்டா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். எதைப் போட்டாலும் குழல் பார்க்கிற திசைக்குத்தான் போகும். இதை இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஐம்பத்திரண்டு வயசில் அது புரிய எனக்கு ஒரு குதிரையின் தொடை தேவைப்பட்டது.

மே 19

சுடப்போகிறேன் என்று போன் போட்டேன், ட்வைலா எடுக்கவில்லை. எமெட். "கட்டியாச்சு." எட்டு அணில். சத்தம் காதைப் பிளக்கிறது. ஆனால் டாரில் சொன்னது சரி. குண்டு தரையில் பட்ட இடத்தில் ஒரு பிடி புழுதி, அவ்வளவுதான். எதுவும் ஙீ என்று போகவில்லை.

மே 23

எமெட். "கட்டியாச்சு."

மே 30

எமெட்தான். ட்வைலாவை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தேன். தலையாட்டினாள். சிரித்தாளா? இல்லை.

ஜூன் 5

வளைகள் பாதிக்கு மேல் வெறுமை. யாரிடம் சொல்வது? வழக்கமாக அவளிடம்தான் சொல்வேன்.

ஜூன் 14

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன். எமெட் எடுத்தார். "குதிரை உள்ளதான் இருக்கு. அவ வீட்ல இல்லை, வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா."

எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மணல் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது தெற்கு வாசல் பக்கம் புழுதி. அவள் வண்டி. நேரே வந்தாள். என் வண்டியை ஒட்டி, மேற்கே மேட்டைப் பார்த்து நிறுத்தினாள். காதடைப்பானை மாட்டிக்கொண்டு, வண்டியின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வெயில் கண்ணில் அடித்தது. தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ஐந்து சுட்டேன், ஐந்தும் பட்டது. ஆறாவது ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

"காத்தைப் பாருடி," என்றாள் ட்வைலா.