தானாக நகர்ந்த அம்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

இங்கே ஒரு கூத்து. வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்க உதவும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். அதை அமைப்பது என் வேலை. மேனேஜர் விட்டால்தானே! "எனக்குத் தெரியாத நெட்வொர்க்கா?" என்று நேராக இன்டர்நெட்டில் செருகினார். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை, மகா அறிவாளி.

செவ்வாய்க்கிழமை, யாரும் தொடாமலே திரையில் அம்பு நகர்ந்து எங்கள் சம்பளக் கோப்பைத் திறந்தது. எவனோ உள்ளே வந்துவிட்டான். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "மவுஸ் பழசாயிடுச்சு, புதுசு மாத்துங்க." மாற்றினார்கள். அம்பு அதற்கும் அடங்கவில்லை. நான்தான் ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எங்கள் ஆட்கள் மட்டும் நுழையும்படி வி.பி.என். போட்டேன். மீட்டிங்கில் பாராட்டு அவருக்கு! அந்த மண்டையில் களிமண்கூடக் கிடையாது.

நீங்களும் அவருக்கு அண்ணனாகிவிடாதீர்கள். உங்கள் கணினியில் நான் மாட்டிய அதே மாதிரிப் பெட்டியின்மேல் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கிறீர்களாமே? அம்மா சொன்னாள். கிழித்துப் போடுங்கள். பெட்டியை மட்டும் அணைக்காதீர்கள்.

மேனேஜர் கூப்பிடுகிறார். பிளக் செருகாமலே பிரின்டர் ஓடவில்லை என்பார். நிறுத்துகிறேன்.

நீங்கள் கணினியில் சீட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறேன். நேற்று சிவப்புப் பத்தின்மேல் கறுப்பு ஒன்பதை வைக்காமல் விட்டீர்கள். என் கை மவுஸ் வரை போய்த் திரும்பியது.

உங்கள் மகள்